கழுவக் கூடாத வளையங்கள்

ஓய்வு பெற்றவனுக்கு ஃபோன் வராது என்று சொல்கிறவர்கள் யாரும் அலங்கார மீன் கடையில் வேலை பார்த்திருக்க மாட்டார்கள். நான் கடையை விட்டு வந்த பிறகும் வாரத்துக்கு இரண்டு பேராவது கூப்பிடுகிறார்கள். எல்லாம் கடைப் பையன்கள்தான். போன வாரம் ஒருவன் கூப்பிட்டு, ரெண்டடி உப்புத்தண்ணித் தொட்டி, உள்ளே பவளம் வைக்கணும் என்கிறார் கஸ்டமர், ஃபில்டருக்குள் எந்த மீடியா போடட்டும் என்று கேட்டான்.

ஃபில்டருக்குள் போடுகிற பஞ்சு, பீங்கான் வளையம், கரி, நுண்துளைக் கல் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் எங்கள் தொழிலில் மீடியா என்று பெயர். இப்போது அதில் வந்திருக்கும் ரகங்களைப் பார்த்தால் துணிக்கடையில் சேலை எடுக்க வந்தவன் போல எனக்கே தலை சுற்றுகிறது. கைப்பிடி அளவு கல்லுக்குள் ஒரு விளையாட்டு மைதானம் அளவுக்கு இடம் இருப்பதாக அட்டைப்பெட்டியில் போட்டிருக்கிறான். திண்டுக்கல்லில் மனை விற்கும் விலைக்கு அது மலிவுதான்.

தம்பிக்கு நான் நேராகப் பதில் சொல்லவில்லை. "கஸ்டமர் மீனுக்கு எத்தனை வேளை தீனி போடுவாரு, அதைக் கேட்டியா?" என்றேன். அது எதுக்குண்ணே என்றான். நானும் முதல் நாள் இப்படித்தான் திருப்பிக் கேட்டேன். இந்தக் கேள்வி என் முதலாளி கனி பாயுடையது.

நான் முதலில் படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போடும் கடையில் கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் கனி பாய் வந்து, தொட்டிக்குக் கண்ணாடி வெட்டச் சொன்னார். வெட்டிக் கொடுத்தேன். ஒட்டவும் தெரியுமா என்றார். தெரியும் என்று பொய் சொன்னேன். முதல் தொட்டி ஒழுகியது, இரண்டாவதும் ஒழுகியது, மூன்றாவது நின்றது. அப்படியே நானும் அவரிடம் நின்றுவிட்டேன். கப்பி, தங்கமீன், ஃபைட்டர் என்று பல வருஷம் ஓடியது. அதற்குப் பிறகுதான் உப்புத்தண்ணீர் வந்தது.

கடல் பார்க்க வேண்டுமானால் பஸ் ஏறி அரை நாள் போக வேண்டிய ஊரில், குடிதண்ணீரே பல நாளைக்கு ஒருமுறை வரும் ஊரில், வீட்டுக்குள் கடலை வைக்கப்போகிறேன் என்று ஒரு மனிதர் கிளம்பினால் ஊர் என்ன சொல்லும்? பாய்க்குப் பிரியாணி அதிகமாகி மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். பாய் சிரித்துக்கொண்டே ஆர்.ஓ. தண்ணீரில் கடல் உப்பைக் கரைத்துக் கலக்கிக்கொண்டிருப்பார். கடலிலிருந்து எதையும் பிடுங்கி வந்து விற்பதில்லை என்பதில் கண்டிப்பானவர். பண்ணையில் பொரித்து வளர்த்த கோமாளி மீன்கள்தான் வாங்குவார். கற்கள் எல்லாம் செயற்கையாகச் செய்த கற்கள். பவளம் என்றால் பில்லோடு வருகிற காளான் பவளம், தோல் பவளம், அவ்வளவுதான். சட்டம் பேசிக்கொண்டு யாரும் கடை வாசலில் வந்து நிற்கக் கூடாது என்பார்.

அவருடைய அத்தா தோல் பதனிடும் ஷாப்பில் கணக்குப் பார்த்தவர். ஊற வைத்த தோல் நாற்றத்துக்குள் வளர்ந்தவருக்கு மூக்கே இருக்காது என்று நாங்கள் கேலி செய்வோம். அந்த மூக்குதான் அவருக்குப் பெரிய சொத்து. ஃபில்டரைத் திறந்ததும் ஒரு வளையத்தை எடுத்து முகர்ந்து பார்ப்பார். மழை பெய்த மண்ணின் வாசம் வந்தால் தலையை ஆட்டிவிட்டுத் திரும்ப வைத்துவிடுவார். முட்டை நாற்றம் வந்தால் முகம் சுருங்கும். அதன் பிறகுதான் தண்ணீரைச் சோதிக்கும் குப்பியைத் தேடுவார். அது பல நேரம் கிடைக்காது. நான்தான் சட்டைப்பையில் வைத்திருப்பேன்.

எது நல்ல மீடியா என்று கேட்டு வருகிறவர்களை அவர் நடத்தும் விதம் இருக்கிறதே, அதற்காகவே சம்பளம் இல்லாமல் வேலை பார்க்கலாம் (இதை அவர் காதில் விழும்படி சொன்னதில்லை). முதலில் டீ சொல்லுவார். அப்புறம் எத்தனை மீன், எத்தனை வேளை தீனி, ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள் என்று சம்பந்தம் பேசுகிற மாதிரி விசாரிப்பார். முரட்டு அழுக்கைப் பஞ்சு பிடிக்கும், அதை வாராவாரம் மாற்று என்பார். தண்ணீரில் மஞ்சள் நிறமும் வாடையும் வந்தால் கரி, அதுவும் மாதத்துக்கு மேல் வைக்காதே என்பார். மற்ற வேலை எல்லாம் வளையங்களும் கல்லும்தான். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா குடியேறி, மீன் கழிவிலிருந்து வருகிற அம்மோனியா விஷத்தைத் தின்று தீர்க்கும். அதைக் குழாய்த் தண்ணீரில் காட்டாதே, தொட்டித் தண்ணீரிலேயே அலசி வை என்று மூன்று தரம் சொல்வார். நன்னீர்த் தொட்டியில் அம்மோனியாவை உறிஞ்சும் ஜியோலைட் கல்லைச் சிலர் கடல் தொட்டிக்கும் கேட்பார்கள். உப்புத்தண்ணீரில் அதைப் போட்டால் கல்யாண வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைத் தோழன் மாதிரி சும்மா உட்கார்ந்திருக்கும் என்று சொல்லித் திருப்பி அனுப்புவார்.

இவ்வளவும் தெரிந்த மனிதர் ஒரே வளையத்தை இரண்டு தரம் முகர்ந்து நான் ஒருமுறைதான் பார்த்தேன்.

நத்தம் ரோட்டுப் பக்கம் ஒரு பல் மருத்துவமனை. டாக்டர் நிர்மலா. குழந்தைகளுக்குப் பல் பார்ப்பதில் கெட்டிக்காரர். அவர் கணவர் கப்பலில் இன்ஜினியர். விடுப்பில் வந்தபோது எங்களிடம் சொல்லி, நோயாளிகள் உட்காரும் இடத்தில் ஒரு சின்னப் பவளத் தொட்டி வைத்தார். பின்பக்கம் ஃபில்டர் பெட்டி, உள்ளே இரண்டு கோமாளி மீன்கள், ஒரு துப்புரவு இறால், நாலைந்து மெத்தென்ற பவளம். வாயைத் திற என்றால் உதட்டைக் கடித்துக்கொள்ளும் பிள்ளைகள் அந்த மீனைப் பார்த்துத் தானாகவே வாயைப் பிளந்தார்கள். டாக்டருக்கு மீன் மேல் பெரிய ஆசை ஒன்றும் கிடையாது. ஆனால் கப்பல் கிளம்பும்போது கணவர் விட்டுப்போன பொருள் அது. பத்திரமாக வைத்திருந்தார்.

அங்கே வேலை பார்த்தவர் பேச்சியம்மாள். சாணார்பட்டியிலிருந்து பஸ்ஸில் வருவார். மருத்துவமனை திறந்த நாளிலிருந்து அவர்தான் கூட்டுவது, துடைப்பது, டாக்டரின் கருவிகளைக் கழுவி, கிருமி கொல்லும் ஸ்டெரிலைசரில் வைத்து எடுப்பது எல்லாம். வாய்க்குள் போகும் பொருளில் ஒரு பொட்டு அழுக்கு இருக்கக் கூடாது என்று டாக்டர் ஆரம்பத்தில் சொல்லிக்கொடுத்ததை அவர் வேதமாக எடுத்துக்கொண்டார். அவர் வீட்டில் அந்தச் சம்பளம்தான் சமையல் செலவு, மகளின் காலேஜ் எல்லாம்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முன் டாக்டர் பழனியிலுள்ள தன் அம்மா வீட்டுக்குக் கிளம்பினார். போகும்போது, எல்லாத்தையும் சுத்தமாக் கழுவிப் பொட்டு வச்சிரு பேச்சி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நம் ஊரில் அதற்கு விளக்கம் தேவையில்லை. லேத்துப் பட்டறையிலிருந்து ஆட்டோ ஸ்டாண்டு வரை அன்றைக்கு எல்லாக் கருவியும் குளித்துவிட்டுச் சந்தனம் குங்குமத்தோடு நிற்கும். பேச்சியம்மாள் நாற்காலியைத் துடைத்தார். கம்ப்ரஸரைத் துடைத்தார். குறடுகளையெல்லாம் பளபளப்பாக்கினார். கடைசியாக மீன் தொட்டியின் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பார்த்தார். வளையங்கள் எல்லாம் பழுப்பேறி, கொழகொழவென்று இருந்தன. தன் பொறுப்பில் இருக்கும் இடத்தில் இப்படி ஒரு அசிங்கமா என்று அவருக்கு உடம்பு கூசிவிட்டது.

பஞ்சைத் தூக்கிப் போட்டார். வளையங்களை ஒவ்வொன்றாகப் பிரஷ்ஷால் தேய்த்தார். தேய்த்தும் திருப்தி வரவில்லை. அவர் கைக்குப் பழகிய வேலை ஒன்று இருந்தது. எல்லா வளையங்களையும் தட்டில் பரப்பி ஸ்டெரிலைசருக்குள் வைத்து மூடிச் சுவிட்சைப் போட்டுவிட்டார். கை எட்டிய கற்களையும் வெளியில் எடுத்துக் குழாயடியில் தேய்த்தார். பவளம் ஒட்டியிருந்த கற்களை மட்டும், பாவம் பூ மாதிரி இருக்கு என்று தொடாமல் விட்டார். எல்லாவற்றையும் திரும்ப அடுக்கி, கண்ணாடியின் நாலு மூலையிலும் ஃபில்டர் பெட்டி மேலும் சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டிவிட்டு ஊருக்குப் போனார். விடுமுறை முழுக்கத் தீனி போடும் மெஷின் மட்டும் கடமை தவறாமல் தீனி போட்டுக்கொண்டிருந்தது.

மருத்துவமனை திறந்த அன்று காலையில் டாக்டரிடமிருந்து ஃபோன். நானும் பாயும் போனோம். தண்ணீர் அரிசி களைந்த நீர் மாதிரி இருந்தது. மீன்கள் இரண்டும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன. பவளம் எல்லாம் வதங்கிய கத்தரிக்காயாகச் சுருங்கிக் கிடந்தது. டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பாய் வழக்கம்போல் முதலில் உட்கார்ந்து தொட்டியையே பார்த்தார். அப்புறம் பெட்டியைத் திறந்து ஒரு வளையத்தை எடுத்தார். பல் மருத்துவமனைக்குப் பொருத்தமான வெள்ளை. மூக்கருகே கொண்டுபோனார். மறுபடியும் முகர்ந்தார்.

"வாசமே இல்லையே, மணி," என்றார்.

பேச்சியம்மாள் பின்னாலிருந்து முன்னே வந்தார். அவர் முகத்தில் அவ்வளவு பெருமை. "நான்தேன் பாய் கழுவுனேன். மெசின்ல வச்சு எடுத்திருக்கேன். ஒரு கிருமி இருக்காது."

நான் குப்பியில் தண்ணீர் பிடித்து மருந்துச் சொட்டு விட்டேன். மஞ்சளாக நிற்க வேண்டிய நீர் கரும்பச்சையாக மாறியது. அம்மோனியா. நான் விஷயத்தைச் சுருக்கமாக டாக்டரிடம் சொன்னேன். சொல்லச் சொல்ல, பேச்சியம்மாள் முகத்திலிருந்த பெருமை எப்படி வடிந்தது என்பதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை. டாக்டர் கோபத்தில் கத்துகிறவர் கிடையாது. அதுதான் பயமாக இருந்தது.

"அவர் வர்றப்ப நான் என்ன சொல்லட்டும்? பேச்சி, இந்த மீனு செத்துச்சுன்னா நீ வேலைக்கு வர வேண்டாம்," என்றார்.

கப்பலிலிருந்து கணவர் ஃபோனிலேயே வைத்தியம் பார்த்தார். ஒரு உயர்ந்த ரக நுண்துளைக் கல்லின் பெயரைச் சொல்லி, சென்னையிலிருந்து வரவழைக்கச் சொன்னார். கல் அருமையான கல் என்று பாயே ஒப்புக்கொண்டார். "ஆனா சார், அது புது வீடு. குடி வர்றதுக்கு வாரக்கணக்காகும். அதுவரைக்கும் இந்த மீனுக எப்படித் தாங்கும்?" என்று பணிவாகக் கேட்டார். அப்ப நீங்களே பாத்துக்கங்க பாய் என்றார் அவர்.

தீனி மெஷினைக் கழற்றினோம். கடையில் கலந்து வைத்திருந்த உப்புத்தண்ணீரைக் கொண்டுவந்து பாதித் தண்ணீரை மாற்றினோம். அம்மோனியாவைக் கட்டிப்போடும் மருந்தையும் விட்டோம். இதெல்லாம் முதலுதவி மட்டும்தான். தின்று தீர்க்க ஆள் வேண்டும். அந்த ஆள் ஊரிலேயே ஒரே இடத்தில்தான் இருந்தது.

கடையின் பின்னறையில் பாய் தனக்கென்று ஒரு கடல் தொட்டி வைத்திருந்தார். அதில் ஒரு ஜோடி கோமாளி மீன். யார் விலை கேட்டாலும், அதுக வீட்டு ஆளுக என்று பேச்சை மாற்றிவிடுவார். கடையில் ஒரு ரப்பர் பேண்டு காணாமல் போனாலும் தேடச் சொல்கிற மனிதர், அந்தத் தொட்டியின் ஃபில்டரைத் திறந்து அதன் முன்னால் நின்றார். அவருக்கு அது குடும்பத்தைப் பிரிக்கிற வேலை. பல வருஷம் ஊறிய வளையங்கள், கன்னங்கரேலென்று, தொட்டால் வழுக்கும்.

அன்றைக்கு அவர் கையில் அத்தர் பூசியிருந்தார். அது பாக்டீரியாவுக்கு ஆகாது என்று சோப்புப் போடாமல் வெறும் தண்ணீரில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். மேல் தட்டில் இருந்த வளையங்களில் குப்பை அதிகம் என்று விட்டுவிட்டார். அடித் தட்டையும் தொடவில்லை. பெரிய நடுத் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து, அதே தொட்டியின் தண்ணீர் ஊற்றிய வாளியில் இறக்கினார். மொத்த வளையத்தில் சரியாகப் பாதி. எல்லாத்தையும் கொடுத்துவிடலாமே, கடையில் நம் கண் முன்னால்தானே இருக்கிறது, சமாளித்துக்கொள்ளலாம் என்றேன். இருக்கிறதையெல்லாம் கொடுத்துவிட்டால் நாளைக்கு இந்த ரெண்டும் வாயைப் பிளக்கும், பாதி கொடுத்தால் நாலும் பிழைக்கும், இன்ஷா அல்லா என்றார். வாளியை மூடி போட்டு அடைக்கவில்லை, அதுகளுக்கும் மூச்சு வேண்டும். ஈரத்துணியால் மூடினார்.

அவர் ஸ்கூட்டர் ஓட்ட, நான் பின்னால் வாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சிக்னலில் நிற்கும்போது பக்கத்து வண்டிக்காரர் எட்டிப் பார்த்து, "அயிரை மீனாண்ணே, கிலோ என்னா?" என்றார். நான் துணியை விலக்கிக் காட்டினேன். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு சிக்னல் விழுவதற்கு முன்பே போய்விட்டார்.

வெள்ளை வளையங்களை எடுத்துவிட்டு அந்தக் கறுப்பு வளையங்களை வைத்தபோது பேச்சியம்மாளால் பொறுக்க முடியவில்லை. அழுக்கைக் கொண்டாந்து போடுறீகளே பாய் என்று மெதுவாகக் கேட்டார். அவருக்கு இரண்டு கண்ணும் சிவந்திருந்தது.

"இது அழுக்கு இல்ல தாயி. பூராவும் வேலையாளுக. உன்னைய மாதிரி, மணிய மாதிரி. மீனு அசிங்கம் பண்ணுறதை எந்நேரமும் துடைச்சுக்கிட்டே இருக்கிறவுக," என்றார் பாய். அதற்கு மேல் ஏதோ சொல்ல வந்தவர் பேச்சியம்மாளின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அதன் பிறகு தினமும் காலையில் நான் போய்த் தண்ணீரைச் சோதித்தேன். பேச்சியம்மாள் எனக்கு முன்பே வந்து தொட்டி முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். குப்பியின் நிறம் தினமும் கொஞ்சம் வெளுத்தது. ஆனால் ஒருநாள் நாங்கள் பார்த்தபோது இறால் கல்லிடுக்கில் செத்துக் கிடந்தது.

டாக்டர் இன்னும் வரவில்லை. நான் இடுக்கியால் அதை எடுத்துத் தாளில் சுற்றினேன். இறால் பகலில் கல்லுக்குள்தான் ஒளிந்திருக்கும், டாக்டர் தேட மாட்டார், நான் போகும்போது கொண்டுபோய்விடுகிறேன் என்றேன். பேச்சியம்மாள் என் கையிலிருந்து அந்தப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார்.

"வேணாம்ணே. நான் பண்ணுனது. நான்தேன் காட்டணும்."

டாக்டர் வந்ததும் தாளைப் பிரித்து மேஜை மேல் வைத்து, ஒன்னு செத்துப்போச்சும்மா, நான் போயிட்டு வாரேன் என்றார். பையை ஏற்கெனவே தோளில் மாட்டியிருந்தார். டாக்டர் அந்தச் சின்ன இறாலை ரொம்ப நேரம் பார்த்தார். அவரும் பாவம், சொன்ன சொல்லில் மாட்டிக்கொண்டு நின்றார். அப்புறம் தாளை மடித்தார்.

"நான் மீனைத்தானே சொன்னேன்? இது இறாலு. போய்ப் பையை வச்சுட்டு வேலையைப் பாரு," என்றார்.

மீன்கள் பிழைத்தன. குப்பியில் மஞ்சள் நின்ற அன்று பவளமும் விரிந்தது. ஒரு குட்டிப்பிள்ளை கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு வாயைப் பிளந்து நின்றது. டாக்டர் அந்த நேரம் பார்த்து அதன் கடைவாய்ப் பல்லைப் பார்த்துவிட்டார். கடையில் பாயின் மீன்கள்தான் கொஞ்ச நாள் அரை வயிறு. வேலையாள் பாதியாகக் குறைந்திருக்கும்போது தீனி முழுதாகப் போட முடியாது. அதுகளுக்கும் நோன்பு என்று சொல்லிவிட்டு, யாரும் பார்க்காதபோது கண்ணாடியைத் தடவிக்கொடுப்பார். நாங்கள் பார்க்காத மாதிரி இருப்போம்.

அடுத்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. எனக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. பாய்க்கும்தான். ரெண்டு பேரும் ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ளவில்லை. கடையில் வேலை பார்க்கும் நாங்கள் போடுகிற பூஜை முடிந்ததும், நீ எதுக்கும் அந்தப் பக்கம் போயிட்டு வா என்றார் பாய். போகும்போது பார்த்தால் என் வண்டிப் பக்கத்தில் வாளி தயாராக இருந்தது. ஈரத்துணி போட்டு மூடியிருந்தது. அதையும் எடுத்துக்கொண்டு போனேன்.

மருத்துவமனை முழுக்கச் சந்தன வாசம். பல் நாற்காலிக்குப் பொட்டு. கம்ப்ரஸருக்குப் பொட்டு. ஸ்டெரிலைசருக்கு மாலையே போட்டிருந்தது, நிலக்கோட்டை மல்லிகை. மீன் தொட்டிப் பக்கம் வேகமாக நடந்தேன். கண்ணாடியில் பொட்டு இல்லை. ஃபில்டர் பெட்டியிலும் இல்லை. மூடியைத் தூக்கினேன். வளையங்கள் கறுப்பாகவே இருந்தன. ஒன்றை எடுத்து முகர்ந்தேன். மழை பெய்த மண்.

மூடியை வைக்கும்போதுதான் கவனித்தேன். பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பொரிப் பொட்டலம் இருந்தது. பொரி, பொட்டுக்கடலை, ரெண்டு வாழைப்பழம், ஒரு லட்டு. மருத்துவமனையில் வேலை செய்கிற எல்லோருக்கும் டாக்டர் கொடுப்பாரே, அதே பொட்டலம். யாரோ மறந்து வைத்துவிட்டார்கள் என்று எடுக்கப் போனேன்.

"எடுக்காதீக அண்ணே, அது அதுகளுக்கு," என்றார் பேச்சியம்மாள்.

எதுகளுக்கு என்றேன்.

"வளையத்துக்குள்ள இருக்கவுகளுக்குத்தேன். பாய் வேலையாளுகன்னாருல்ல? ஆயுதத்தைத்தேன் கழுவிப் பொட்டு வைக்கணும். ஆளுக்கு அன்னைக்கு லீவும் பொரியும்ல குடுக்கணும்? இதுகளுக்கு லீவு குடுக்க முடியாது. அதான் டாக்டரம்மாகிட்டச் சொல்லி ஒரு பொட்டலம் கூட வாங்கிட்டேன்." சொல்லிவிட்டு என் கையைப் பார்த்தார். "வாளி எதுக்குண்ணே?"

பொரி வாங்கிட்டுப் போகத்தான் என்றேன். அவர் துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மூடி, அதன் மேல் ஒரு பொட்டலத்தை வைத்தார்.

கடைக்குத் திரும்பியதும் பாயிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் வாளியிலிருந்த வளையங்களை ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தார். ஃபில்டரை மூடினார். அப்புறம் கல்லாப் பக்கம் போய், அன்றைக்கு எங்களுக்கெல்லாம் கொடுத்தது போக மிச்சமிருந்த பொரிப் பொட்டலம் ஒன்றை எடுத்துவந்து, பின்னறைத் தொட்டியின் மேல் வைத்தார்.